எமது பற்கள் பாடநூலில். எமது பிள்ளைகள் வகுப்பறைக்குப் போவது எப்போது?

பல் வைத்தியமும் பற்சுகாதாரமும் கற்பிக்கப்படும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில், முரசு நோய் பற்றிய பாடம் வரும்போது ஓர் ஆய்வு அநேகமாகத் தவறாமல் பேசப்படும். வெள்ளைக் கோட்டு அணிந்த மாணவர்கள் அதைக் குறிப்பெடுத்துப் பரீட்சையிலும் எழுதுகிறார்கள். அந்த ஆய்வில் வாய் திறந்து காட்டியவர்கள் இலங்கையின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். எமது அப்பாமார், தாத்தாமார். இந்த விடயம் தோட்டத்தில் பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியது என்பதால் இம்முறை தலையங்கத்தை இதற்கே ஒதுக்குகிறோம்.

1970 ஆம் ஆண்டில், பூண்டுலோயாப் பகுதியின் டன்சினன், ஹெரோ ஆகிய இரண்டு தோட்டங்களில் 480 இளம் ஆண் தொழிலாளர்களின் வாய்கள் பரிசோதிக்கப்பட்டன. ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டுப் பேராசிரியரும் அவரது குழுவினரும் இதைச் செய்தார்கள். அதற்கு ஒரு வருடம் முன்னர், நோர்வேயின் தலைநகரான ஒஸ்லோவில் 565 மாணவர்களும் கல்விமான்களும் இதேபோலப் பரிசோதிக்கப்பட்டிருந்தார்கள். ஒஸ்லோவில் இருந்தவர்கள் சிறு வயது முதலே ஒழுங்கான பற்சிகிச்சை பெற்று வளர்ந்தவர்கள். எமது ஆட்களோ பல் வைத்தியரைக் கண்டதில்லை. பற்தூரிகையும் பாவித்ததில்லை. கவனிப்பு இருந்தால் பல் எப்படியிருக்கும், கவனிப்பே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நோக்கம். நோய் தன்பாட்டில் எப்படிப் போகிறது என்பதை அறிவதற்காக எமது தோட்டம் தெரிவு செய்யப்பட்டது.

அதன் முடிவுகளை எளிமையாகச் சொல்லலாம். பல்லை எலும்போடு பிடித்து வைத்திருக்கும் பிடிமானம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை மில்லிமீற்றரில் அளந்தார்கள். நாற்பது வயதை நெருங்கும்போது ஒஸ்லோக்காரருக்கு அது சராசரியாக ஒன்றரை மில்லிமீற்றர் அளவில் இருந்தது. எமது தொழிலாளிக்கு நாலரை மில்லிமீற்றர். அதாவது மூன்று மடங்கு.

1985 வரையான பரிசோதனைகளை வைத்து 1986 இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைதான் பாடநூல்களில் ஏறியது. அதில் எமது தொழிலாளர்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். நூற்றுக்கு 8 பேருக்கு நோய் மிக வேகமாகப் பரவியது. இவர்கள் நாற்பது வயதுக்குள் 20 பற்களை இழந்தார்கள். 45 வயதில் வாயில் பல்லே இல்லை. நூற்றுக்கு 81 பேருக்கு நோய் நடுத்தர வேகத்தில் போனது. 45 வயதுக்குள் சராசரியாக 7 பற்கள் போய்விட்டன. மீதி 11 பேருக்கு மட்டும் ஈறு வீங்கியிருந்தாலும் நோய் அதற்கு மேல் போகவில்லை. 2010 ஆம் ஆண்டில் மீண்டும் தேடிப் பார்த்தபோது, அந்த 480 பேரில் 75 பேரையே பரிசோதிக்க முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டிய இரண்டு விடயங்கள் இருக்கின்றன.

முதலாவது, அந்த 480 பேரும் ஆண்கள். கொழுந்துக்கூடையை முதுகில் சுமந்து மலையேறிய பெண்களில் ஒருவரது வாயும் அந்தக் கணக்கில் இல்லை. தோட்டத்தின் வருமானத்தில் பெரும்பங்கு பெண்களின் கைகளால் வருவது. அவர்களது பல்வலி எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை.

இரண்டாவது, அன்று அந்தத் தொழிலாளர்களுக்குச் சூத்தைப்பல் அநேகமாக இருக்கவில்லை என்று அந்த ஆய்வே சொல்கிறது. இன்று எமது பிள்ளை மடுவங்களிலும் முன்பள்ளிகளிலும் சின்னஞ்சிறுசுகளின் வாயைத் திறந்து பாருங்கள். முன்பற்கள் கறுத்துக் கரைந்து நிற்கின்றன. சீனி போட்ட தேத்தண்ணி, பிஸ்கட், டொபி, பக்கெட் பானம் எல்லாம் லயத்துக் கடைக்கே வந்துவிட்டன. பல் வைத்தியர்தான் வரவில்லை. பழைய முரசு நோயோடு புதிய சூத்தையும் சேர்ந்துகொண்டதுதான் கடந்த ஐம்பது வருடத்தில் நாம் கண்ட மாற்றம்.

இது எமது தலையெழுத்தா? இல்லை. அதே ஹரால்ட் லோ 1965 இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு அதற்குச் சாட்சி. நல்ல வாய் உள்ள பன்னிரண்டு பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். இரண்டு மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கிச் சிவந்தது. மீண்டும் ஒழுங்காகத் துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. பல்லில் படியும் அழுக்குப் படலம்தான் ஈறு வீக்கத்துக்குக் காரணம், அதை அகற்றினால் குணமாகும் என்பது அத்துடன் தெளிவானது. ஒஸ்லோக்காரருக்கும் பூண்டுலோயாக்காரருக்கும் உடம்பிலோ இரத்தத்திலோ இருந்த வித்தியாசம் பெரிதல்ல. அங்கே தூரிகையும், அதைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்த ஆளும், காரையைச் சுரண்டி எடுத்த கையும் இருந்தன. இங்கே அந்த மூன்றும் இருக்கவில்லை.

அந்த ஆளை உருவாக்குவதுதான் பற்சுகாதாரப் படிப்பு.

இந்தப் படிப்பு பணக்காரர்களுக்காகத் தொடங்கப்பட்டதல்ல. அமெரிக்காவில் பிரிட்ஜ்போர்ட் என்ற தொழிற்சாலை நகரில் அல்பிரட் போன்ஸ் என்ற பல் வைத்தியர், வலி வந்த பின் பல்லைப் பிடுங்குவதை விட, வருமுன் காப்பதே மேல் என்று நினைத்தார். 1906 இல் தன்னிடம் உதவியாளராக இருந்த அயரின் நியூமன் என்ற பெண்ணுக்குப் பற்களைச் சுத்தம் செய்யும் வேலையைக் கற்றுக்கொடுத்தார். 1913 இல் பெண்களுக்காக ஒரு வகுப்பையே தொடங்கினார். அங்கே படித்து வெளியேறியவர்கள் அந்த நகரின் பாடசாலைகளுக்குப் போய்த் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் பற்களைக் கவனித்தார்கள். 1921 இல் நியூசிலாந்து அரசாங்கம் இன்னொரு படி மேலே போய், பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சிகிச்சையே செய்யக்கூடிய பெண்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கியது.

அந்த நியூசிலாந்து முறைதான் கொழும்புத் திட்ட உதவியோடு 1950களில் எமது நாட்டுக்கும் வந்தது. மகரகமையில் பயிற்சிப் பாடசாலை அமைந்தது. அங்கே பயிற்சி பெறுபவர்களே இன்று 'பாடசாலைப் பற்சிகிச்சையாளர்' எனப்படுகிறார்கள். 3 வயது முதல் 13 வயது வரையான பிள்ளைகளைப் பரிசோதிப்பது, சூத்தையை அடைப்பது, பாற்பல்லைக் கழற்றுவது, காரையை அகற்றுவது, துலக்கும் முறையைச் சொல்லிக் கொடுப்பது என்பன அவர்களது வேலை. வெளிநாடுகளில் பற்சுகாதாரப் பட்டம் படித்தவர் செய்யும் வேலைக்கு எமது நாட்டில் மிக நெருக்கமான தொழில் இதுதான்.

இந்தச் சேவை பல பாடசாலைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. தோட்டத்துப் பிள்ளைக்கு அது எட்டாக்கனியாகவே இருந்து வந்திருக்கிறது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியில்தான். அதுவரை அவை தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தன. தோட்ட வைத்தியமும் அப்படித்தான். டிஸ்பென்சரியில் காய்ச்சலுக்கும் தலையிடிக்கும் மருந்து உண்டு; பல்லுக்கு ஒன்றுமில்லை. இன்றைக்கும் பல் வலித்தால் என்ன செய்கிறோம்? கிராம்பு வைக்கிறோம். வலிக்குளிசை போடுகிறோம். தாங்க முடியாமல் போனால் ஒரு நாள் பேரை விட்டு, பஸ்ஸுக்குச் செலவழித்து, டவுன் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறோம். அந்த நேரத்தில் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. பிடுங்கிய பின், 'பல் வைத்தியர் என்றால் பல் பிடுங்குகிறவர்' என்று பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். நோய் வருமுன் தடுக்கும் ஒருவர் இருக்கிறார் என்பது எமது வீடுகளில் தெரியாமலே போய்விட்டது.

ஆகவே எமது கோரிக்கை இரண்டு பக்கமாகப் போகிறது. எமது பிள்ளைகளின் வாயைப் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆளாக எமது பிள்ளைகளே வரவும் வேண்டும். 1987 இன் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி தமிழும் ஓர் அரசகரும மொழி. வைத்தியசாலைக் கதிரையில் வாயைத் திறந்து படுத்திருக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு, 'பயப்படாத கண்ணு, வலிக்காது' என்று அதன் மொழியில் சொல்ல ஒருவர் இருப்பது சலுகை அல்ல. அது உரிமை. லயத்தைத் தெரிந்த ஒருவருக்குத்தான் தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது, அம்மா எத்தனை மணிக்குப் பெரட்டுக்குப் போகிறாள், பிள்ளை யாரிடம் நிற்கிறது என்பது விளங்கும்.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய பாதைகளைச் சொல்கிறோம்.

ஒன்று, பல் வைத்தியர் ஆவது. இதற்குப் 'பல் சத்திரசிகிச்சை இளமாணி' பட்டம் பெற வேண்டும். கொழும்பில் 1943 இல் தொடங்கிய பல் வைத்தியக் கல்வி 1950களில் பேராதனைக்கு மாற்றப்பட்டது. பல தசாப்தங்களாக நாட்டின் ஒரே பல் மருத்துவ பீடம் அங்கேதான் இருந்தது. அண்மைக் காலத்தில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்திலும் ஒரு பீடம் தொடங்கப்பட்டுள்ளது. கண்டிக்குப் போகிற எமது பஸ் பேராதனை வழியாகத்தான் போகிறது. இவ்வளவு காலமும் அந்த வாசலைக் கடந்துதான் போய் வந்திருக்கிறோம். படிப்புக்குக் கட்டணம் இல்லை. மஹாபொல போன்ற உதவிப் பணமும் உண்டு.

இதற்கு உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் படித்து நல்ல இசட் புள்ளி எடுக்க வேண்டும். அனுமதியில் நூற்றுக்கு 40 இடங்கள் நாடு முழுவதுக்குமான திறமை அடிப்படையில் போகின்றன. 55 இடங்கள் மாவட்டங்களின் சனத்தொகைப்படி பிரிக்கப்படுகின்றன. மீதி 5 இடங்கள் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் இந்த ஒதுக்கீடு மாவட்டத்துக்கே உரியது, தோட்டத்துக்கு என்று தனியாக இல்லை. நல்ல ஆய்வுகூடமும் ஆசிரியர்களும் உள்ள டவுன் பாடசாலைப் பிள்ளையோடு எமது பிள்ளை அதே இடத்துக்குப் போட்டியிடுகிறது.

இரண்டு, பாடசாலைப் பற்சிகிச்சையாளர் ஆவது. இதற்கான பயிற்சிக்குச் சுகாதார அமைச்சு வர்த்தமானி மூலம் விண்ணப்பம் கோருகிறது. தகைமை, வயது, முடிவுத் திகதி எல்லாம் அந்த அறிவித்தலில் இருக்கும். வர்த்தமானி தமிழிலும் வெளியாகிறது. ஆனால் தோட்டத்துக்கு அது வந்து சேருவதில்லை. விண்ணப்பம் முடிந்த பிறகு கேள்விப்பட்டு வருந்துவதே வழக்கமாகிவிட்டது. பல்கலைக்கழகத்துக்கு ஒரு சில புள்ளிகள் குறைந்த பிள்ளை, 'எல்லாம் முடிந்தது' என்று நினைத்துத் துணிக்கடைக்குப் போக வேண்டியதில்லை. தாதியர், குடும்ப நல உத்தியோகத்தர், பற்சிகிச்சையாளர் போன்ற சுகாதாரப் பயிற்சிகள் இருக்கின்றன என்பதை வீட்டில் பேச வேண்டும்.

இந்த இரண்டு பாதைக்கும் ஒரே கதவுதான். அது உயர்தர விஞ்ஞானப் பிரிவு. அந்தக் கதவு எமக்கு ஒடுக்கமாக இருக்கிறது. 1 ஏபி தரப் பாடசாலையில்தான் விஞ்ஞானப் பிரிவு உண்டு. 1 சி தரப் பாடசாலையில் கலையும் வர்த்தகமும் உண்டு, விஞ்ஞானம் இல்லை. தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் பல பாடசாலைகள் இரண்டாம், மூன்றாம் தரத்தில் நிற்கின்றன. அங்கே உயர்தரமே இல்லை. சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு 'ஏ' எடுத்த பிள்ளை, டவுனில் தங்குவதற்கு வழியில்லாமல் கலைப்பிரிவுக்குப் போகிறது. கலைப்பிரிவு தாழ்ந்தது என்று நாம் சொல்லவில்லை. விரும்பிப் போவது வேறு, வழியில்லாமல் போவது வேறு.

பிழை முழுவதையும் அரசாங்கத்தின் தலையில் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிவிடவும் முடியாது. சாதாரண தரம் எழுதிய கையோடு மகனைக் கொழும்புக் கடைக்கு அனுப்பும் வீடுகள் இருக்கின்றன. மகள் என்றால், வீட்டு வேலைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ அனுப்பி, அந்தப் பணத்தில் கடன் அடைக்கும் நிலை இருக்கிறது. வறுமையின் கொடுமை எமக்குத் தெரியும். சம்பளப் போராட்டத்தில் முன்னுக்கு நிற்பவர்கள் நாம். ஆனால் இரண்டு வருட உயர்தரத்தைத் தாங்கிப் பிடித்தால், ஒரு பிள்ளையின் சம்பளம் மட்டுமல்ல, ஒரு தோட்டத்தின் ஆரோக்கியமே மாறும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். சீட்டுக் கட்டித் திருவிழா நடத்தத் தெரிந்த எமக்கு, சீட்டுக் கட்டி ஒரு பிள்ளையை டவுனில் தங்கிப் படிக்க வைக்கத் தெரியாதா?

எமது கோரிக்கைகளைப் பொறுப்பானவர்களிடம் இப்படி வைக்கிறோம்.

அரசாங்கத்திடம்: பெருந்தோட்டப் பகுதிப் பாடசாலைகளுக்குத் தமிழ் பேசும் பற்சிகிச்சையாளர்கள் நியமிக்கப்பட வேண்டும். போக முடியாத தோட்டங்களுக்கு நடமாடும் பற்சிகிச்சை நிலையம் ஒழுங்கான அட்டவணையில் வர வேண்டும். ஒவ்வொரு கல்வி வலயத்திலும் தோட்டப் பிள்ளைகள் எட்டக்கூடிய தூரத்தில் தமிழ் மொழி மூல விஞ்ஞானப் பிரிவும், அதற்கு ஆய்வுகூடமும் ஆசிரியரும், தங்கிப் படிக்க விடுதியும் வேண்டும்.

தோட்டக் கம்பெனிகளிடம்: பல் வைத்தியரைப் பார்க்கப் போகும் நாளுக்குப் பேர் வெட்டக் கூடாது. பிள்ளை மடுவத்தில் சாப்பாட்டுக்குப் பிறகு பல் துலக்கத் தண்ணீரும் தூரிகையும் பற்பசையும் கொடுக்க வேண்டும். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை.

எமது சங்கத்திடமும் தோட்டக் கமிட்டிகளிடமும்: கமிட்டித் தலைவரும் மாதர் தலைவியும், தோட்டத்தில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்திருக்க வேண்டும். சுகாதாரப் பயிற்சிகளுக்கான வர்த்தமானி வெளியானதும் அதைக் கோயில் வாசலிலும் பெரட்டுக் களத்திலும் ஒட்ட வேண்டும். விண்ணப்பம் நிரப்ப, சான்றிதழ் பிரதி எடுக்க, தபாலில் சேர்க்க உதவ வேண்டும். ஏற்கனவே பேராதனைக்கும் மகரகமைக்கும் போன மலையகப் பிள்ளைகள் லீவில் வரும்போது, அவர்களைக் கூப்பிட்டுத் தம்பி தங்கைகளோடு பேச வைக்க வேண்டும்.

இவை நடக்கும்வரை வீட்டில் செய்யக்கூடியதைச் செய்வோம். புளோரைட் உள்ள பற்பசையால் காலையிலும் இரவு படுக்கப் போகுமுன்னும் துலக்க வேண்டும். பிள்ளைக்கு ஏழு எட்டு வயது வரை அம்மாவோ பாட்டியோ கை பிடித்துத் துலக்கிவிட வேண்டும். சீனித் தண்ணியைப் போத்தலில் ஊற்றிக் கொடுத்துப் பிள்ளையைத் தூங்க வைக்கக் கூடாது. கரித்தூளும் செங்கல் தூளும் பல்லைத் தேய்த்துவிடும், வேண்டாம். துலக்கும்போது இரத்தம் வந்தால் நிறுத்த வேண்டாம். ஈறு வீங்கியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம், மெதுவாகத் தொடர்ந்து துலக்க வேண்டும்.

வெற்றிலை பற்றியும் ஒரு வார்த்தை. குளிரிலும் பசியிலும் மலையில் நிற்கும் ஒருவருக்கு வெற்றிலை எவ்வளவு துணை என்பது எமக்குத் தெரியும். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் இலங்கை ஆண்களிடம் அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். 'பொயிலை போடாமல் பாக்கு மட்டும்தானே' என்பவர்களுக்கும் பாதுகாப்பு இல்லை. பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004 இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதிப்படுத்தியிருக்கிறது. வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாயை முழுசாகத் திறக்க முடியாமை, காரம் பட்டால் எரிச்சல் - இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வலி இல்லையே என்று இருந்துவிட வேண்டாம். ஆரம்பத்தில் அது வலிக்காது.

டன்சினனிலும் ஹெரோவிலும் வாய் திறந்து காட்டிய அந்த 480 பேர் உலகத்துக்கே ஒரு பாடம் கொடுத்தார்கள். அவர்களால் வேறு நாடுகளில் எத்தனையோ பேரின் பற்கள் காப்பாற்றப்பட்டன. அந்தப் பாடத்தின் பலன் அவர்களது பேரப்பிள்ளைகளுக்கு வந்து சேர வேண்டும் என்பதே நாம் கேட்கும் நியாயம். இந்த வருடம் சாதாரண தரம் எழுதும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அதன் விஞ்ஞானப் புள்ளியைக் கேட்டுப் பாருங்கள். நன்றாக இருந்தால், அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அந்தப் பிள்ளையின் பெயரைக் கொடுங்கள். அதற்கு மேல் என்ன செய்வது என்பதைச் சேர்ந்து யோசிப்போம்.